நாலு செக்கனுக்கு என்ன விலை

வளர்பிறை விளையாட்டுக் கழகத்தின் நிர்வாகக் கூட்டத்தில் யாராவது காசு என்ற சொல்லை எடுத்தால் போதும், உடனே எல்லோருக்கும் பசி வந்துவிடும். 2012 மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. சிட்னியில் ஹோம்புஷ் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் பின்மேசையில், "அவருக்குக் காசு குடுக்கவேணும்" என்று சுபாங்கன் சொல்லி வாய்மூடவில்லை, தலைவர் யோகேஸ்வரன் கையை உயர்த்தி இன்னொரு தட்டு வடைக்குச் சொல்லிவிட்டார். செயலாளர் இந்திரகுமார் சட்னி காணாது என்றார். பொருளாளர் நாகேஸ்வரி மட்டும் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

நாகேஸ்வரிக்கு நாற்பத்தேழு வயது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஒரு கம்பனியில் முந்நூறு பேருக்குச் சம்பளம் போடுவது அவளுடைய வேலை. கழகத்தில் அவளுக்கு முன் பொருளாளராக இருந்த மூன்று ஆண்களும் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துக் கதைக்காத நிலைமை வந்தபிறகு, "ஒரு பொம்பிளை இருந்தால் சண்டை வராது" என்று அவளைப் பிடித்துப் போட்டார்கள். சண்டை வராது என்று அவள் எங்கேயும் கையெழுத்து வைத்துக் கொடுக்கவில்லை.

விசயம் இதுதான். கிரிக்கெட்டிலும் உதைபந்தாட்டத்திலும் ஒன்பது வருடமாகத் தோற்றுத் தோற்று அலுத்துப்போன கழகத்துப் பெடியள், போன வருடம் புதிதாகத் தோற்பதற்கு ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். அமெரிக்கர்களின் புட்போல், ஆனால் இடித்து விழுத்தாமல் ஆடும் வகை. அந்த அணியின் தலைவன் சுபாங்கன். இருபத்து நான்கு வயது, வங்கியொன்றில் கம்பியூட்டர் வேலை. பெரியவர்களுக்கு விளங்கப்படுத்துவதற்காக வடைத்தட்டை நகர்த்தி இடம் பிடித்தான்.

"இதில ஆளை விழுத்துறேல்லை, அங்கிள். எல்லாருக்கும் இடுப்பில ரெண்டு நாடா தொங்கும். பந்து வைச்சிருக்கிறவன்ர நாடாவை உருவினால் அவன் அவுட் மாதிரி. மற்ற டீமில பந்து எறியிறவன் ஒருத்தன் பின்னுக்கு நிப்பான். அவன் ஆறுதலா நிண்டு எறிஞ்சால் நாங்கள் துலைஞ்சம். அவன் எறிய முதல், தூரத்தில இருந்து பாய்ஞ்சு வந்து நாடாவை உருவ ஒருத்தன் வேணும். அவன்தான் ரஷர். எங்களிட்ட ஒரு நல்ல ரஷர் இல்லை."

"ஏன், எங்கட நாகராஜன்ர மகன் நல்லா ஓடுவானே?" என்றார் இந்திரகுமார்.

"ஓடுவான், அங்கிள். போய்ச் சேரமாட்டான்."

முனவ்வர் என்று ஒருவர் இருக்கிறாராம். போன வருடம் ஆடிய அணி கலைந்துபோனதால் இந்த வருடம் அவர் எவருக்கும் சொந்தமில்லை. சிட்னியின் மேற்குப் பக்கத்தில் அவரைப் போல நாடா உருவ ஆள் கிடையாது. போட்டிக்காரர்களான இளம்பரிதி அணியினர் ஏற்கெனவே அவருடைய வாசலில் நிற்கிறார்கள். போட்டி விதிப்படி வெளியாள் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

சம்பளம் என்ற சொல்லைக் கேட்டதும் யோகேஸ்வரன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காப்புறுதி முகவர். மைக்கும் பொன்னாடையும் இருக்கும் இடத்தில் அவர் இல்லாமல் போனதில்லை. "காசு எல்லாம் எதுக்கு? பொன்னாடை போர்ப்பம்."

"ஒரு ஷீல்டும் குடுக்கலாம்" என்றார் இந்திரகுமார். "பேர் வெட்டி."

"மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல். ரெண்டு மரக்கறி, ஒரு இறைச்சி. அவங்களுக்கு ஹலாலாப் பாத்து எடுப்பம்."

"பட்டமும் குடுப்பம். நாடா வேந்தன்."

"எங்கட பெடியன் மாதிரி வைச்சுப் பாப்பம். இதைவிட ஒரு மனுசனுக்கு வேற என்ன வேணும்?" என்று முடித்தார் யோகேஸ்வரன். கேள்வி கேட்டவரே திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்.

இந்த வசனத்தை நாகேஸ்வரி முன்பே கேட்டிருக்கிறாள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில் எட்டு மாதம் நின்றாள். முதலாளி அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தங்கச்சிக்கு யாராவது மணித்தியாலக் கணக்கில் சம்பளம் கொடுப்பார்களா? தீபாவளிக்கு ஒரு சேலை கொடுத்தார், அழுகத் தொடங்கிய வாழைப்பழங்களைத் தாராளமாக வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். ஐந்து மாதச் சம்பளத்தை இன்றைக்கு வரைக்கும் கொடுக்கவில்லை. கண்ட இடத்தில் இப்போதும், "என்ன தங்கச்சி, இந்தப் பக்கம் காணேல்லை?" என்று கேட்பார். நம்மவர்கள் அன்பைக் கொடுக்கத் தொடங்கினால் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தவள் அவள்.

"எவ்வளவு எண்டு முதல்ல கணக்குப் பாப்பம்" என்றாள்.

சுபாங்கன் போனில் போன வருடத்து ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினான். மெலிந்து நெடுத்த ஒருவன் தூரத்தில் குனிந்து நின்றான். பந்து அசைந்ததும் பாய்ந்தான். எறிய நின்றவன் கையைத் தூக்குவதற்குள் அவனுடைய நாடா இவன் கையில் இருந்தது. இந்திரகுமார் தன் கைக்கடிகாரத்தில் நேரம் பிடித்தார்.

"நாலு செக்கன்" என்றார். "ஒரு மட்சில எத்தினை தரம் பாய்வார்?"

"இருபது தரம் அளவில."

"எண்பது செக்கன்! ஒண்டரை நிமிசம்கூட இல்லை. அதுக்குச் சம்பளமோ? என்ர இருதய டொக்டர்கூட அவ்வளவு கேக்கிறேல்லை."

"அவர் உங்கட இருதயத்தை எவ்வளவு நேரம் பாக்கிறவர்?" என்று நாகேஸ்வரி கேட்டாள்.

இந்திரகுமார் யோசித்துப் பார்த்துவிட்டு, கோப்பைக்குள் மிச்சமிருந்த சட்னியை வழித்தார்.

அடுத்த சனிக்கிழமை அவள் தானே முனவ்வரைத் தேடிப் போனாள். ஃபிளெமிங்டன் சந்தையில், பூசணிக்காய் அடுக்கிய பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். வீடியோவில் பார்த்த வேகம் இங்கே இல்லை; பூசணிக்காய்க்கு அவசரம் கிடையாது. கொழும்புப் பக்கத்திலிருந்து வந்து ஏழு வருடம். இருபத்தாறு வயது. மனைவி மின்ஹாவுக்கு ஆவணியில் பிள்ளை. இப்போது ஓபர்னில் நானாவின், அதாவது அண்ணனின், வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார்களாம்.

"நானா ஒண்டும் சொல்றல்ல, அன்ரி" என்றான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "ஆனா அவருக்கும் நாலு புள்ளைங்க. வருசக் கடைசிக்குள்ள ஒரு ஃபிளாட் எடுக்கணும். பொண்ட் காசு, அட்வான்ஸ், எல்லாம் ஒண்டா வேணும். அதுக்குத்தான் கேட்ட. வெளாட்டுக்குக் காசு கேக்கிறது எனக்கும் வெக்கம்தான்."

"வேலைக்குக் காசு கேக்கிறதில என்ன வெக்கம், தம்பி? இளம்பரிதிக்காரர் என்ன சொன்னவை?"

"ரெண்டாயிரத்தைநூறு தாற எண்டு சொன்ன. கப் வெண்டா."

"வெல்லாட்டில்?"

"அத அவங்க சொல்லல்ல. நானும் கேக்கல்ல." பிறகு வண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மெச்சுக்கு வந்தா இந்தச் சனிக்கெழம வேல போகும், அன்ரி. அஞ்சு மணித்தியாலம். மணிக்கு இருவத்தஞ்சு டொலர்."

நாகேஸ்வரிக்கு அதுவரை பிடிபடாமல் இருந்தது அப்போது பிடிபட்டது. ஒரு மனிதன் எவ்வளவு வேகமாகப் பாய்கிறான், அதில் கழகத்துக்கு எத்தனை வெற்றி, ஒரு வெற்றி எவ்வளவு பெறும் என்றெல்லாம் அவள் ஒரு கிழமையாகத் தலையை உடைத்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் தேவையே இல்லை.

"நீங்கள் பாயிற எண்பது செக்கனுக்கு விலை போட எனக்குத் தெரியாது" என்றாள். "நீங்கள் விட்டிட்டு வாற அஞ்சு மணித்தியாலத்துக்குப் போடுவன். ஒரு மட்சுக்கு நூற்றி இருபத்தைஞ்சு. பன்னிரண்டு மட்ச். ஆயிரத்தைநூறு. வெண்டாலும் தோத்தாலும்."

இளம்பரிதியின் தொகை பெரிது என்று முனவ்வருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"கைல வருமா, அன்ரி?"

"வரும். ஆண்டு விழாவில உங்கட கையில ஆயிரத்தைநூறு. இது என்ர சொல்."

ஒரு பூசணிக்காய்ப் பெட்டியின்மேல் தாளை வைத்து எழுதி, இருவரும் கையெழுத்திட்டார்கள். திரும்பி வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கழகத்தைக் கேட்காமலே சொல் கொடுத்துவிட்டாள்.

கழகம் ஒப்புக்கொள்ள மூன்று கூட்டமும் ஐந்து தட்டு வடையும் போயின. கடைசியில் நாகேஸ்வரி, தான் விலகிவிடுவதாகவும் பழைய பொருளாளர்கள் மூவரையும் ஒரே மேசைக்குக் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுக்கப்போவதாகவும் சொன்னாள். உடனே எல்லோரும் ஒருமனதாகச் சம்மதித்தார்கள். யோகேஸ்வரன் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்: காசைத் தன் கையால், மேடையில் வைத்துத்தான் கொடுப்பார். யார் கையால் கொடுத்தால் என்ன, போய்ச் சேர்ந்தால் சரிதானே என்று அவளும் விட்டுவிட்டாள். அங்கேதான் அவள் பிழை விட்டாள். இத்தனை வருடம் எங்களுடைய ஆட்களோடு பழகியவள், மேடை என்றதும் உசாராகியிருக்க வேண்டும்.

முனவ்வர் வந்த முதல் சனிக்கிழமையே வளர்பிறை வென்றது. பெடியள் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள். வென்றால் என்ன செய்வது என்று அவர்களுக்குப் பழக்கமில்லை. மூன்றாவது ஆட்டத்திலிருந்து பெரியவர்களும் மடக்குக் கதிரையோடு வரத் தொடங்கினார்கள். விதி ஒன்றும் விளங்காவிட்டாலும் முனவ்வர் குனிந்து நின்றதும், "உருவு, உருவு!" என்று யோகேஸ்வரன் கத்துவது ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. நாய் கூட்டிக்கொண்டு வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், எவருக்கோ வலிப்பு வந்துவிட்டதென்று உதவிக்கு ஓடிவந்தார். இந்திரகுமார் தன் கடிகாரத்தில் தொடர்ந்து நேரம் பிடித்தார். ஆனி மாதத்தில் ஒருநாள், "மூண்டரை செக்கன்" என்று தன் சொந்தப் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு மாதிரிச் சொல்லித் திரிந்தார்.

பிள்ளை பிறந்ததற்கு அடுத்தநாள்கூட முனவ்வர் ஆட வந்தான். பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்றையும் விடவில்லை. இறுதி ஆட்டத்தில் இளம்பரிதியிடம் ஒரே ஒரு புள்ளியால் தோற்றார்கள். இரண்டாம் இடத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம் கிடைத்தது. ஒன்பது வருடத்தில் கழகத்துக்குக் கிடைத்த முதல் கிண்ணம் அது என்பதால், படம் எடுக்கும்போது யோகேஸ்வரன் அதை முனவ்வரிடமிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டார்.

ஒக்டோபர் மாதம் ஆண்டு விழா. வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நூற்றி எண்பது பேர். நாகேஸ்வரி அன்று மத்தியானமே வங்கிக்குப் போய் புது நோட்டாகப் பார்த்து எடுத்து, ஒரு நீல உறையில் போட்டு, இரண்டு தரம் எண்ணி, யோகேஸ்வரனின் கையில் கொடுத்தாள். ஐந்தாவது மேசையில் முனவ்வரும் மின்ஹாவும் இரண்டு மாதக் குழந்தையோடு வந்து இருந்தார்கள். அடுத்த கிழமை லிட்கம்மில் ஒரு ஃபிளாட்டுக்குக் கையெழுத்து வைக்கப் போவதாக மின்ஹா நாகேஸ்வரியிடம் சொன்னாள். "மூணாவது மாடி, அன்ரி. பல்கனி ஈக்கிது" என்றபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க நாகேஸ்வரிக்குச் சந்தோசமாக இருந்தது.

மேடையில் அறிவிப்பாளர் இந்திரகுமார். ஏழு பேச்சுக்கள் முடிந்து முனவ்வரை அழைத்தார். பொன்னாடை போர்த்தப்பட்டது. ஷீல்ட் வந்தது. நாடா வேந்தன் பட்டமும் வந்தது. கடைசியாக யோகேஸ்வரன் நீல உறையை உயர்த்திப் பிடித்து, எல்லாக் கமராக்களுக்கும் முகத்தைத் திருப்பிக் காட்டி, முனவ்வரின் கையில் வைத்தார். கைதட்டல். முனவ்வர் உறையைச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனான்.

யோகேஸ்வரன் அவனுடைய கையை விடவில்லை.

"அன்பான உறவுகளே!" என்றார் மைக்கில். அவருடைய குரல் தழுதழுத்தது. அது அவருக்கு நினைத்த நேரத்தில் வரும். "இந்தத் தம்பியின்ர பெரிய மனசை நான் என்னெண்டு சொல்லுவன்! எங்கட கழகத்துக்குச் சொந்தமா ஒரு மண்டபம் கட்டவேணும் எண்ட கனவு உங்களுக்குத் தெரியும். தனக்குக் கிடைச்ச ஆயிரத்தைநூறு டொலரையும் முனவ்வர் தம்பி எங்கட கட்டட நிதிக்கே அன்பளிப்பாத் தந்திட்டார்!"

மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையில் சிலர் எழுந்து நின்று தட்டினார்கள்.

எங்களுடைய விழாக்களுக்குப் போய்ப் பழகிய எவருக்கும் இது புதிதில்லை. மேடையில் காசு வாங்கிய பெரிய மனிதர்கள் அதை அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துக் கைதட்டு வாங்குவார்கள். யோகேஸ்வரன் கெட்டவர் இல்லை; நாளைக்கு யாருக்காவது சாமத்தில் ஆஸ்பத்திரி என்றால் முதலில் கார் எடுப்பவர் அவர்தான். ஆனால் மைக்கைப் பிடித்தால் அவருக்கு மேடைதான் தெரியும், எதிரில் இருக்கும் மனிதன் தெரியாது. முனவ்வருக்கும் கைதட்டு கிடைக்கிறதே, அவனுக்கு இதைவிட என்ன பெருமை என்று மனதார நம்பினார். எட்டு வருடமாக இருக்கும் அந்தக் கட்டட நிதியால் ஒரு கல்கூட வைத்ததில்லை என்பதும் அப்போது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

முனவ்வர் சிரித்துக்கொண்டு நின்றான். அப்படிச் சிரிப்பதைத் தவிர அவனால் வேறு என்ன செய்ய முடியும்? நூற்றி எண்பது பேருக்கு முன்னால், "இல்லை, எனக்குக் காசு வேணும்" என்று எந்த மனிதன் சொல்லுவான்? அவன் கையிலிருந்து உறை போவதை நாகேஸ்வரி பார்த்தாள். ஐந்தாவது மேசையில் மின்ஹா குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள், திரும்பவும் சரிசெய்தாள், தலையை நிமிர்த்தவே இல்லை.

என்ர சொல் என்று சொன்னது அவள்தான். முனவ்வருக்கு யோகேஸ்வரனையும் தெரியாது, கட்டட நிதியையும் தெரியாது. இவளை நம்பித்தான் ரெண்டாயிரத்தைநூறை விட்டுவிட்டு வந்தான். நாகேஸ்வரிக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எழுந்தாள். வாழ்க்கையில் ஒருநாளும் மேடை ஏறாதவள், சேலைக் கொய்யகத்தைப் பிடித்துக்கொண்டு விறுவிறென்று படி ஏறி, இந்திரகுமாரின் கையிலிருந்த மற்ற மைக்கைப் பறித்தாள்.

"வணக்கம்" என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "நான் பொருளாளர். தலைவர் தன்ர வாயால ஒரு விசயத்தைச் சொல்லக் கூச்சப்படுறார். அதால நான் சொல்லுறன்."

யோகேஸ்வரன் அடக்கமாகத் தலையைக் குனிந்தார். தன்னைப் பற்றி யாரோ நல்லது சொல்லப் போகிறார்கள் என்றால் அந்தத் தலை தானாகவே குனிந்துவிடும்.

"ஒரு ஏழைத் தொழிலாளி இப்பிடித் தாராளமாக் குடுக்கேக்குள்ள தான் சும்மா பாத்துக்கொண்டு நிக்க ஏலாது எண்டு தலைவர் என்ர காதில சொன்னவர். அதனால தன்ர சொந்தக் காசிலை இருந்து, அதே ஆயிரத்தைநூறு டொலரை, முனவ்வர் தம்பிக்கு இப்ப, இந்த மேடையிலேயே தாறாராம்!"

முதலில் விசில் அடித்தது சுபாங்கன். பிறகு மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. யோகேஸ்வரனின் தலை குனிந்தபடியே இருந்தது, இப்போது அதை நிமிர்த்த அவருக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. நிமிர்ந்தபோது நூற்றி எண்பது பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் இரண்டு கைகளையும் கூப்பிச் சிரித்தார். முனவ்வர் சற்று முன் சிரித்த அதே சிரிப்பு.

இந்திரகுமாருக்கு இதில் எதுவும் விளங்கவில்லை. உணர்ச்சிவசப்பட்டுப்போய், "செக் புத்தகம்! தலைவரின்ர செக் புத்தகத்தை மேடைக்குக் கொண்டு வாங்கோ!" என்று அறிவித்தார். செக் புத்தகம் யோகேஸ்வரனின் மனைவியின் கைப்பைக்குள்தான் எப்போதும் இருக்கும். அந்த அம்மா முதல் வரிசையிலிருந்து எழுந்து மேடைக்கு நடந்து வந்தாள். அவ்வளவு மெதுவாக ஒரு மனுசி நடந்ததை அந்த மண்டபம் பார்த்திருக்காது. கணவனைப் பார்த்த பார்வையில், வீட்டுக்குப் போன பிறகு நடக்கப்போவது எல்லாம் இருந்தது.

செக் எழுதப்பட்டது. படம் எடுக்கப்பட்டது. இந்த முறை முனவ்வர் செக்கைக் கையில் வாங்கியதும் நாலு செக்கனுக்குள் மேடையை விட்டு இறங்கிவிட்டான். எவரும் அவனுடைய கையைப் பிடிக்க நேரம் கிடைக்கவில்லை.

சாப்பாட்டு வரிசையில் நாகேஸ்வரி தட்டை எடுத்தாள். முனவ்வர் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றான். மின்ஹா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வருசம் மெச்சுக்கு நூற்றியம்பது ஆகும், அன்ரி" என்றான் முனவ்வர். "எனக்குச் சனிக்கெழமச் சம்பளம் கூட்டியிருக்காங்க."

"நூற்றி நாப்பது" என்று நாகேஸ்வரியின் வாயில் தானாகவே வந்தது. பொருளாளர் அல்லவா.

கார் நிறுத்தும் இடத்தில் யோகேஸ்வரன் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். மனைவி ஏற்கெனவே காருக்குள் இருந்து கதவைச் சாத்தியிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தி, கோபத்தைவிட ஆற்றாமையோடுதான் கேட்டார்.

"நாகேஸ்வரி, மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கோ. நான் எப்ப உங்கட காதில அப்பிடிச் சொன்னனான்?"

நாகேஸ்வரி கார்த் திறப்பைக் கைப்பையிலிருந்து எடுத்தாள்.

"முனவ்வர் எப்ப உங்கட காதில சொன்னவர், அண்ணை?"

யோகேஸ்வரனின் கை பழக்கத்தில் மைக்கைத் தேடி உயர்ந்தது. காருக்குள்ளிருந்து மனைவி ஹோர்னை அடித்தாள்.